தண்டம் உயர்ந்தால் தவறு குறையுமா?

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாளிலேயே விதிகள் தோன்றின. விதிகள் தோன்றிய நாளிலேயே அவற்றை மீறுவோரும் தோன்றினர். மீறுவோரைத் திருத்துவதற்கு அரசுகள் கையாண்ட முறைகள் பல. கசையடி போயிற்று, நாடு கடத்தல் போயிற்று, சிறு குற்றங்களுக்குச் சிறை என்பதும் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. நிலைத்து நின்று, நாளுக்கு நாள் வளர்ந்து வருவது ஒன்றுதான். அது பணத் தண்டனை, அபராதம்.

இது புதிய முறையன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வன்செயல்களுக்கான தண்டத்தை மூன்று படியாக வகுக்கிறது. கடைப்படி 48 முதல் 96 பணம். இடைப்படி 200 முதல் 500 பணம். தலைப்படி 500 முதல் 1000 பணம். இன்றைய சட்டங்களும் இதே பாதையில்தான் நடக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் நம் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஜன் விசுவாஸ் சட்டம், 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. பல சிறு தவறுகளுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டுப் பணத் தண்டனையை வைத்தது. அத்தொகை மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயரவும் வழி செய்தது. ஆகவே, இனிவரும் காலத்தில் அரசு குடிமகனை நோக்கி விரல் நீட்டும்போதெல்லாம் அந்த விரல் பெரும்பாலும் அவன் சட்டைப்பையையே சுட்டும்.

இந்நிலையில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அபராதத்தைப் பெருக்கினால் தவறு குறையுமா? குறையும் என்பது பலருடைய நம்பிக்கை. "அடியாத மாடு படியாது" என்று பழமொழியும் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதை, நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம். அந்த எடுத்துக்காட்டு, சாலை விதி.

2019-இல் நடந்தது என்ன?

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. அதில் குறிக்கப்பெற்ற அபராதத் தொகைகளிற் பல முப்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தன. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. புதிய அபராதங்கள் அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன.

தலைக்கவசம் இன்றி இருசக்கர வண்டி ஓட்டினால் 100 ரூபாயாக இருந்த அபராதம் 1000 ரூபாயாயிற்று. அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் நேரும். காரில் இருக்கைப் பட்டை அணியாவிட்டாலும் 1000 ரூபாய். உரிமமின்றி ஓட்டினால் 500 என்றிருந்தது 5000 ஆயிற்று. குடித்துவிட்டு ஓட்டினால் முதன்முறை 2000 ரூபாய் வரை என்றிருந்தது 10,000 ரூபாய் ஆயிற்று. ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் மறிப்பவருக்கு 10,000 ரூபாய் என்பது புதிதாகச் சேர்ந்தது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உடைமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அடையக்கூடும். அவ்வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

நாடு முழுவதும் பெருங்கூக்குரல் எழுந்தது. தலைநகரையடுத்த குருகிராமில் ஒருவருடைய ஸ்கூட்டருக்கு விதிக்கப்பட்ட அபராதம், அந்த ஸ்கூட்டரின் விலையையே மிஞ்சிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. சில மாநிலங்கள் புதிய தொகைகளை ஏற்கத் தயங்கின. குஜராத் அதே செப்டம்பரில் தலைக்கவச அபராதத்தை 500 ஆகக் குறைத்தது. கேரளமும் 500 ஆக்கிற்று. சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மாநிலங்கள் இறங்கக் கூடாது என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் அறிவுறுத்தியது. தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை நடைமுறைப்படுத்தியது. அங்கே தலைக்கவச அபராதம் 1000 ரூபாய். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே தவறு. எல்லையைத் தாண்டினால் விலை மட்டும் வேறு. ஊரை விட்டு வந்து பிற மாநிலத்தில் பயிலும் நம் போன்ற மாணவர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

இந்த உயர்வு கொடுமையானதா? ஆத்திரப்படாமல் கணக்குப் பார்ப்போம். 1988-க்கும் 2019-க்கும் இடையே நம் நாட்டில் நுகர்வோர் விலைவாசி ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்ந்தது. தலைக்கவச அபராதம் உயர்ந்தது பத்து மடங்கு. அதாவது, 1988-இல் 100 ரூபாய் எந்த அளவுக்குச் சுட்டதோ, ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் 2019-இல் 1000 ரூபாய் சுடும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான அபராதமோ ஐந்து மடங்குதான் உயர்ந்தது. மெய்ம்மதிப்பில் பார்த்தால் அது 1988-இன் உச்ச அளவைவிடக் குறைந்தே இருக்கிறது! முப்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு ஒரே நாளில் விழித்ததால்தான் உயர்வு இடிபோல் விழுந்தது. இந்த இடியைத் தவிர்க்கவே, ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ஆம் நாள் பத்து விழுக்காட்டுக்கு மேற்படாமல் அபராதத்தை உயர்த்தும் அதிகாரம் திருத்தச் சட்டத்தில் மத்திய அரசுக்குத் தரப்பட்டுள்ளது.

ஆகவே, தொகை பெரிது என்பது மட்டும் குறையாகாது. அது தன் வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஓட்டியவர் 35,692, பின்னால் அமர்ந்தவர் 14,337. அபராதம் பத்து மடங்கான பின்னர் வந்த கணக்கு இது. வண்டிகள் பெருகின, சாலைகள் நீண்டன என்பதும் உண்மை. ஆகவே சாவு கூடியதை வைத்து அபராதம் முற்றும் தோற்றது என்று முடிவு கட்டலாகாது. ஆனால் ஐம்பதினாயிரம் தலைகள் வெறுந்தலைகளாய்ச் சாலையில் மோதினவே! 1000 ரூபாய் என்ற எண் அத்தனை பேரையும் தடுத்து நிறுத்தவில்லை என்பது கண்கூடு.

அறிஞர் இருவர்

இதற்கு விடை தேடிய அறிஞர் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் இத்தாலியரான செசாரே பெக்காரியா. 1764-இல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதியே மக்களைக் குற்றத்தினின்று தடுக்கும் என்பது அவர் கொள்கை.

மற்றவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர். 1992-இல் நோபல் பரிசு பெற்றவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்த அவர் காரில் விரைந்து கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது. காரைக் கட்டணம் கொடுத்து நிறுத்துமிடத்தில் விடுவதா, விதியை மீறித் தெருவிலேயே நிறுத்துவதா? பிடிபட எவ்வளவு வாய்ப்பு, பிடிபட்டால் எவ்வளவு அபராதம், நிறுத்துமிடத்தில் விட்டால் எவ்வளவு செலவு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். தெருவிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அபராதமும் வரவில்லை. தாம் போட்ட கணக்கைத்தானே ஒவ்வொருவனும் போடுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. 1968-இல் வெளியான அவருடைய கட்டுரை, அபராதத் தொகையையும் பிடிபடும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்தே மனிதன் நடக்கிறான் என்று வாதிட்டது.

இதை நம் ஊர்க் கணக்காகப் பார்ப்போம். ஒரு மாணவன் விடுதியிலிருந்து கடைத்தெருவுக்குத் தலைக்கவசமின்றிப் போய் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நூறு முறைக்கு ஒருமுறை பிடிபட்டு, 100 ரூபாய் கட்டினால், சராசரியில் ஒரு பயணத்துக்கு ஒரு ரூபாய்ச் செலவு. அபராதத்தை 1000 ஆக்கிவிட்டு, காவலை ஆயிரத்துக்கு ஒன்றாகத் தளர்த்தினால் அப்போதும் அதே ஒரு ரூபாய்தான்! காகிதத்தில் இரண்டும் சமம், மனத்திலோ சமமல்ல. நூற்றில் ஒன்று என்றால் "இன்று நமக்கு நேரலாம்" என்று மனம் நினைக்கும். ஆயிரத்தில் ஒன்று என்றால் "நமக்கெங்கே நேரப்போகிறது" என்று தள்ளிவிடும். அந்த இடத்தில்தான் பெக்காரியாவின் கருத்து வலுப்பெறுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அபராதம் 100 ரூபாயாக இருக்கும்போது பேரத்துக்கு இடம் குறைவு. அது 10,000 ஆகும்போது, சாலையோரத்தில் பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் இடையே ஒரு சந்தை திறந்துவிடுகிறது. பத்தாயிரம் அரசுக்குப் போவதைவிட இரண்டாயிரம் கைமாறுவது இருவருக்கும் இலாபம், இழப்பு சட்டத்துக்கு. ஆகவே காவல் நேர்மையாக இல்லாத இடத்தில் அபராதத்தை உயர்த்துவது இலஞ்சத்தின் விலையை உயர்த்துவதாகவே முடியும்.

கண்காணிப்புக் காமிராக்கள் வந்தபின் இக்கணக்கு ஓரளவு மாறுகிறது. கேரளம் 2023 ஜூன் மாதத்தில் 726 காமிராக்களைக் கொண்டு சாலை அபராதம் விதிக்கத் தொடங்கியது. அங்கே தொகை சிறிது; கண்ணோ உறங்காதது. காமிராவிடம் பேரம் பேச முடியாது. "நம்ம ஊர்ப் பையன்" என்று அது விட்டுவிடுவதுமில்லை. ஆனால் அபராதச் சீட்டு எழுதப்படுவது வேறு. பணம் வந்து சேர்வது வேறு. சீட்டு கைப்பேசிக்கு வந்து, வந்தபடியே கிடக்குமானால், உறங்காத கண்ணாலும் பயனில்லை.

விலையாகிப் போகும் அபராதம்

பெரிய அபராதத்தின் குறைகளைக் கண்டோம். சிறிய அபராதத்துக்கும் ஒரு பெருங்குறை உண்டு. இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இரு பொருளியல் அறிஞர்கள் இருபது வாரம் ஓர் ஆய்வு நடத்தி, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகச் சில பெற்றோர் தாமதமாக வருவது வழக்கம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தனர். தாமதம் குறைந்ததா? இல்லை, ஏறத்தாழ இரு மடங்காயிற்று!

காரணம் எளிது. முன்பு தாமதித்தவர்கள், "ஆசிரியை காத்திருக்கிறாரே" என்று கூசினர். அபராதம் வந்தபின் அந்தக் கூச்சம் போய்விட்டது. காத்திருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறோமே என்ற எண்ணம் வந்துவிட்டது. பதினேழாம் வாரத்தில் அபராதத்தை எடுத்துவிட்ட பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை, தாமதம் குறையவேயில்லை. ஒரு முறை விலை வைத்துவிட்ட பொருளுக்கு மீண்டும் மானத்தை வைக்க முடியவில்லை.

நம் தமிழில் "தண்டம்" என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தண்டனை என்பது ஒன்று. வீண் செலவு என்பது மற்றொன்று. பிடிபட்டுப் பணம் கட்டியவன், "ஆயிரம் ரூபாய் தண்டம் அழுதேன்" என்கிறான். "தவறு செய்தேன், தண்டனை பெற்றேன்" என்று சொல்பவன் அரிது. மழையில் நனைந்ததுபோல, பணப்பை தொலைந்ததுபோல, அபராதத்தையும் கெட்ட நேரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறான். நூறு பேர் தப்பிச் செல்ல ஒருவன் மட்டும் அகப்பட்டால் அவன் அப்படித்தான் எண்ணுவான். தப்பாமல் வரும் தண்டம் ஒன்றுதான், "இது என் செயலின் விளைவு" என்ற எண்ணத்தை அவனுக்குள் ஊன்றும்.

ஏழைக்கும் செல்வனுக்கும்

இனி நியாயத்தைப் பற்றிப் பேசுவோம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். அக்கூலியை நம்பி வாழ்பவர் மூன்று நாளுக்கு மேல் வெயிலில் உழைத்தால்தான் ஒரு தலைக்கவச அபராதத்தைக் கட்ட முடியும். பெருஞ்செல்வர் ஒருவருக்கோ அது ஒரு வேளை உணவகச் செலவு. சட்டத்தின் முன் இருவரும் சமம். சட்டைப்பையின் முன் சமமில்லை.

பின்லாந்து நாடு இதற்கு 1921-லேயே ஒரு வழி கண்டது. அங்கே குற்றத்தின் தன்மைக்கேற்ப இத்தனை நாள் வருவாய் என்றே அபராதம் விதிப்பர்; வருவாய் எவ்வளவோ, தொகையும் அவ்வளவு. 2023-இல், மணிக்கு 50 கிலோமீட்டர் என்று எல்லை வகுத்த இடத்தில் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஒரு செல்வர் 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது. எல்லோருடைய வருவாயும் அரசின் ஏட்டில் இருக்கும் நாட்டுக்கு அம்முறை பொருந்தும். பெரும்பாலோர் கூலிக்கும் சிறு வணிகத்துக்கும் உழைக்கும் நம் நாட்டில் அப்படியே கொண்டுவருவது கடினம். ஆயினும் அதன் உட்கருத்தை நாம் கொள்ளலாம். உரிமத்தைச் சில மாதம் நிறுத்திவைக்கும் தண்டனை அக்கருத்துக்கு அருகே வருகிறது. பணம் படைத்தவனும் அதை விலைக்கு வாங்க முடியாது.

தண்டம் யார் யாருக்கு என்பதும் முக்கியம். 2019-இன் திருத்தத்தில் பலர் கவனிக்காத பிரிவுகள் சில உண்டு. சாலையைத் தரமின்றி வகுத்து, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், ஒப்பந்தக்காரரும் பொறுப்பான அதிகாரியும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் கட்டவேண்டும். குறையுள்ள வண்டிகளை விற்கும் உற்பத்தியாளருக்கு 100 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். சட்டத்தைக் காக்கவேண்டிய அதிகாரியே சாலை விதியை மீறினால் அவருக்கு இரட்டைத் தண்டம். எழுத்தில் இவையெல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாம் நாள்தோறும் காண்பது தெருமுனையில் நிறுத்தப்படும் சைக்கிள் கடைக்காரரையும் பால்காரரையும்தான். குழியுள்ள சாலைக்காக ஒப்பந்தக்காரர் நிறுத்தப்படுவதை யாரும் அப்படிக் காண்பதில்லை. தண்டம் கீழ்நோக்கி மட்டும் பாயுமானால் அதை மக்கள் தண்டனை என்று கொள்ளமாட்டார்கள். வரி என்றே கொள்வார்கள்.

நல்ல தண்டத்தின் இலக்கணம்

திருக்குறளின் 57-ஆம் அதிகாரமான வெருவந்த செய்யாமை, தண்டிக்கும் முறையைப் பற்றியது. குற்றத்தை முறையாக ஆராய்தல், அது மீண்டும் நிகழாதபடி செய்தல், குற்றத்தின் அளவுக்கு ஏற்பத் தண்டித்தல் ஆகிய மூன்றையும் ஆள்வோரின் கடமையாக அது வைக்கிறது. ஓங்கும்போது கடுமை காட்டி, விழும்போது மென்மை காட்டவேண்டும் என்றும் அதிலேயே வள்ளுவர் அறிவுரை கூறுகிறார். கை ஓங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும். விழுகின்ற அடி ஒருவனை முறித்துவிடக் கூடாது. பெரிய தொகையை ஏட்டில் எழுதிவிட்டு, எப்போதாவது ஒருவன்மேல் அதை முழு வேகத்தோடு இறக்குவது இதற்கு நேர்மாறான வழி.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால், எந்த அபராதத்தையும் நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். தவறினால் தப்பாமல் வருமா? தவறின் அளவுக்கு ஏற்றதா? ஏழையை முறிக்காமலும் செல்வனுக்கு விளையாட்டாகாமலும் இருக்கிறதா? விதித்தவரையும் அது கட்டுப்படுத்துமா? இந்நான்கிலும் தேறும் அபராதத்தை உயர்த்தினால் பயன் உண்டு. தேறாததைப் பத்து மடங்காக்கினால் குறையும் பத்து மடங்காகும்.

இச்சோதனையை நம் பல்கலைக்கழகங்களிலும் நடத்திப் பார்க்கலாம். நூலகத்தில் தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். தேர்வு நெருங்கும் வேளையில் ஒரே ஒரு படி உள்ள பாடநூலை வைத்துக்கொண்டு, "காசுதானே, கட்டிவிடுகிறேன்" என்று சொல்லும் மாணவன் ஹைஃபா நகரத்துப் பெற்றோரின் உடன்பிறப்பு. அவனுக்கு அபராதம் விலையாகிவிட்டது. அந்த நூலுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொகையை இரட்டிப்பதைவிட, அந்நூலைத் திருப்பித் தரும்வரை வேறு நூல் தருவதில்லை என்று சொல்வதே அங்கே சிறந்த தண்டம். வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவனுக்கும் வசதி படைத்தவனுக்கும் அது ஒன்றுபோலவே உறைக்கும். விடுதி விதிகளையும் தேர்வுக் கட்டண விதிகளையும் வகுக்கும் குழுக்களில் மாணவர் பிரதிநிதிகள் இருக்கும் இடங்களில், இந்நான்கு கேள்விகளையும் அவர்கள் எழுப்பவேண்டும்.

சாலையில் நம் உரிமையும் கடமையும் என்ன என்பதையும் அறிந்து வைத்துக்கொள்வோம். உரிமமும் பதிவுச் சான்றும் அரசின் டிஜிலாக்கரில் இருந்தாலே போதும். காகிதமாகக் காட்ட வேண்டியதில்லை. பணம் கட்டினால் முறையான சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். சீட்டில்லாமல் கொடுக்கும் பணம் அபராதமன்று. நாமே அடுத்த மாணவனுக்கு வைத்துவிட்டுப் போகும் கண்ணி அது. பின்னால் அமர்ந்து செல்லும் நண்பனுக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதையும் மறவாதிருப்போம். 2022-இல் மாண்ட அந்த 14,337 பேரும் பின்னால் அமர்ந்து சென்றவர்களே.

அபராதம் என்பது சமுதாயம் தன் விதியைத் தானே மதிக்கிறதா என்பதற்கு ஓர் அளவுகோல். தொகையை உயர்த்த ஓர் அறிவிப்புப் போதும். அதைத் தப்பாமலும் நடுநிலையோடும் நடத்த நேர்மையான காவலும், விரைந்து முடிக்கும் நீதிமன்றமும், குழியில்லாத சாலையும் வேண்டும். முதலாவது ஒரே நாளில் முடிந்துவிடும். பின்னவற்றை அரசிடம் கேட்டுப் பெறவேண்டியவர்கள், நாளை இந்நாட்டின் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அமரப்போகும் நாம்தாம். கேட்கும் தகுதியைப் பெறுவதற்கு, யாரும் பாராத சாலையிலும் தலைக்கவசத்தை அணிந்து செல்லும் பழக்கத்தை இன்றே தொடங்குவோம்.